ஆட்டோமேட்டிக் கியர் கூலர் பைப்பில் கசிவா? கேட்டவர்களுக்குப் பதில்

ரங்கூனில் கார்களின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வேலை பார்க்கிறேன். மழைக்காலம் நெருங்கும்போது நம் ஆட்கள் அதிகம் கேட்பது, கியர்பாக்ஸிலிருந்து ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலருக்கு ஆயில் போய், சூடு தணிந்து திரும்பும் அந்த இரண்டு பைப்புகளைப் பற்றித்தான். வந்த கேள்விகளை எல்லாம் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

தாம்வேயிலிருந்து டாக்சி ஓட்டும் தம்பி: அண்ணே, ராத்திரி வண்டி நிறுத்திய இடத்தில் காலையில் சிவப்பாகச் சொட்டிக் கிடக்கிறது. ரேடியேட்டர் ஓரம்தான். கியர் ஆயிலா?

தம்பி, நிறத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். டொயோட்டா கூலன்ட்டும் இளஞ்சிவப்புதான். பழைய மார்க் டூ, கிரவுன் வண்டிகளில் ஸ்டீயரிங் பம்புக்கும் இதே மாதிரி சிவப்பு ஆயில்தான் ஊற்றுவார்கள். சொட்டை விரலில் எடுத்து ஒரு கிண்ணம் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். கூலன்ட் என்றால் கரைந்துவிடும். ஆயில் என்றால் மேலே படலமாக மிதக்கும்.

ஆயில்தான் என்று தெரிந்ததும், எங்கே சொட்டுகிறது என்பதை விட எங்கே ஊறுகிறது என்று தேடுங்கள். வண்டி ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னுக்குத் தள்ளும். பைப் மேலேயே வழிந்து, தாழ்வான இடத்தில் போய்ச் சொட்டும். அதனால் பிரேக் கிளீனர் அடித்துச் சுத்தமாகத் துடைத்துக் காயவிடுங்கள். அப்புறம் இன்ஜினை ஓடவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரம் தெரிகிற இடங்களில் எது மிக உயரத்தில், மிக முன்னால் இருக்கிறதோ அங்கேதான் கசிவு. பிடிபடவில்லை என்றால் முகப் பவுடரைத் தூவிவிட்டு ஒரு சுற்று போய் வாருங்கள், நனைந்த கோடு காட்டிக்கொடுக்கும். ரேடியேட்டர் விசிறி சொல்லாமல் சுற்றும், கை ஜாக்கிரதை.

மோல்மேனிலிருந்து ஒரு அக்கா: வீட்டுக்காரர், ஆயிலை ஊற்றி நிரப்பிக்கொண்டு ரங்கூன் வரை போய்விடலாம் என்கிறார். போகலாமா?

வேண்டாம் அக்கா. மோல்மேனிலிருந்து ரங்கூன் 300 கிலோமீட்டர் வரும். நிற்கும்போது சொட்டுவதை வைத்துக் கணக்குப் போடக்கூடாது. இன்ஜின் ஓடும்போது பம்ப் ஆயிலை அழுத்தித் தள்ளுகிறது, அப்போது போவது அதிகம். ஆயில் குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும், கிளட்ச் தட்டுகள் பிடிக்காமல் வழுக்கி எரியும். டி-யில் போட்டதும் வண்டி ஒரு கணம் தயங்கிக் கிளம்புகிறதா, இன்ஜின் இரைகிறது ஆனால் வேகம் ஏறவில்லையா, அப்போதே ஓரங்கட்டி நிறுத்தச் சொல்லுங்கள். இன்னொன்று, சூடான சைலன்சர் பைப்பில் இந்த ஆயில் பட்டால் தீப்பிடிக்கும். குடும்பத்தோடு போகிற வண்டி, விளையாட்டில்லை. ஒரு ஹோஸ் மாற்றுவது சில மணி நேர வேலை. மோல்மேனிலேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

பெகுவிலிருந்து ஒருவர்: ஜப்பான் ஏலத்தில் வந்த வண்டி. வெளியில் பளபளவென்று இருக்கிறது, கூலர் பைப் மட்டும் துருப்பிடித்து நடுவில் வியர்க்கிறது. இது எப்படி?

உங்கள் வண்டி ஹொக்கைடோ, நீகாதா போன்ற பனி கொட்டும் ஊரில் ஓடியிருக்கலாம். அங்கே குளிர்காலத்தில் பனியை உருக்க ரோட்டில் உப்பு தூவுகிறார்கள். அந்த உப்புத் தண்ணீர் அடிப்பாகம் முழுக்கத் தெறித்து, பைப்பைப் பிடித்திருக்கும் கிளிப்புகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். இங்கே வந்ததும் நம் மழையும் சேறும் அதே இடத்தில் ஈரத்தைப் பிடித்து வைக்கின்றன. பெயின்டுக்கு அடியில் துரு அரித்துக்கொண்டே போகும். அதனால்தான் வண்டி வாங்கும்போது கிளிப் இருக்கும் இடங்களைக் கட்டாயம் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

இப்போது சரிசெய்வது. பைப் முழுவதும் சொறிசொறியாக இருந்தால் முழுதாக மாற்றுவதுதான் நியாயம். ஒரே இடத்தில் மட்டும் அரித்திருந்தால் அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு ஹோஸ் போடலாம். ஆனால் வெட்டிய நுனியை அப்படியே ஹோஸுக்குள் செருகிவிடக்கூடாது. நுனியில் ஃபிளேர் கருவியால் ஒரு வளையம் எழுப்ப வேண்டும், ஹோஸ் அதைத் தாண்டி உள்ளே போக வேண்டும், கிளாம்ப் அந்த வளையத்துக்குப் பின்னால் உட்கார வேண்டும். வளையம் இல்லாவிட்டால், ஆயில் சூடேறி ரப்பர் இளகும் நாளில் ஹோஸ் கழன்று, கொஞ்ச நேரத்தில் ஆயில் முழுக்க ரோட்டில் இருக்கும். வெட்டும்போது விழும் இரும்புத்தூளை ஊதி வெளியேற்றாமல் பூட்டாதீர்கள், அது கியர்பாக்ஸ் வால்வுக்குள் போய்ச் சிக்கும்.

புதுப் பைப்புக்கு ஸ்டீல் போடுங்கள். சாதாரணச் செம்புக் குழாய் வளைக்க எளிது, பார்க்க அழகு. ஆனால் இன்ஜின் அதிர்வில் நாளடைவில் இறுகி வெடித்துவிடும்.

இன்செயினில் வேலை பழகும் தம்பி: ரேடியேட்டர் முனையில் நட்டு கசிகிறது. டெஃப்லான் டேப் சுற்றி இறுக்கலாமா? எம்-சீல் வைக்கலாமா?

இரண்டும் கூடாது. ஃபிளேர் நட்டில் அடைப்பது மரை இல்லை, உள்ளே உலோகத்தோடு உலோகம் உட்காரும் முகம். டேப் சுற்றினால் நார் பிய்ந்து ஆயிலோடு போகும். எண்ணெய்ப் பிசுக்கு உள்ள, அழுத்தம் உள்ள இடத்தில் எம்-சீல் நிற்காது. போல்ட்டுக்குள் ஆயில் போகும் பாஞ்சோ வகை என்றால் இருபக்க வாஷரையும் புதிதாகப் போடுங்கள். பழையது ஒருமுறை நசுங்கியது, மறுபடி அடைக்காது. தட்டி மாட்டும் குயிக் கனெக்டர் என்றால் உள்ளே ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையம் போயிருக்கும்.

முக்கியமாக, எப்போதும் இரண்டு ஸ்பேனர். ஒன்றால் ரேடியேட்டர் பக்கத்து மூட்டைப் பிடித்துக்கொண்டு மற்றதால் நட்டைத் திருப்புங்கள். ஒரே ஸ்பேனரால் இழுத்தால் பிளாஸ்டிக் டாங்குக்குள் இருக்கும் கூலரே திரும்பிவிடும். வாஷரோடு முடிய வேண்டிய வேலை ரேடியேட்டர் மாற்றுவதில் போய் நிற்கும்.

அதே தம்பி: கடையில் ஹீட்டர் ஹோஸும் பெட்ரோல் ஹோஸும்தான் இருக்கின்றன. எதைப் போடுவது?

ஹீட்டர் ஹோஸ் ஆயில் பட்டால் ஊறிக் கொழகொழவென்று ஆகிவிடும். சாதாரணப் பெட்ரோல் ஹோஸ் இந்தச் சூட்டைத் தாங்கி நீடிக்காது. டிரான்ஸ்மிஷன் கூலர் ஹோஸ் என்று கேளுங்கள், மேலே எஸ்ஏஈ ஜே1532 என்று அச்சிட்டிருந்தால் நம்பி வாங்கலாம்.

தன்லியனிலிருந்து ஒரு ஐயா: ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் ரோஸ் மில்க் மாதிரி இருக்கிறது. வெளியே ஒரு சொட்டுக்கூடக் கசிவில்லை.

ஐயா, இன்ஜினை இனி ஸ்டார்ட் பண்ணாதீர்கள். ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் ஓட்டையாகி ஆயிலும் கூலன்ட்டும் கலந்துவிட்டன. ஓடும்போது ஆயில் கூலன்ட்டுக்குள் போகும். நிறுத்திய பின் ரேடியேட்டரில் நிற்கும் அழுத்தம் கூலன்ட்டைக் கியர்பாக்ஸுக்குள் தள்ளும். கிளட்ச் தட்டில் லைனிங்கை ஒட்டியிருக்கும் பசையை அது கரைத்துவிடும். வண்டியைத் தூக்கி ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். ரேடியேட்டர் புதிது போட்டு, இரண்டு பக்கமும் கழுவி, கியர் ஆயிலைத் திரும்பத் திரும்ப மாற்ற வேண்டும். கலந்த பிறகு எவ்வளவு தூரம் ஓடியது என்பதை மெக்கானிக்கிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கியர்பாக்ஸைப் பிரிக்கலாமா வேண்டாமா என்பது அதைப் பொறுத்தது.

பலர் கேட்டது: சரிசெய்த பின் எந்த ஆயில், எவ்வளவு?

டொயோட்டாவில் டி-ஃபோர் (T-IV) ஆயில் கேட்கும் கியர்பாக்ஸ் வேறு, டபிள்யூஎஸ் (WS) ஆயில் கேட்கும் கியர்பாக்ஸ் வேறு. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியிலேயே பெரும்பாலும் எழுதியிருக்கும். பல்சக்கரத்துக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் சிவிடி பெட்டிக்குச் சாதாரண ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலை (ஏடிஎஃப்) ஊற்றினால் பெல்ட் வழுக்கிப் பெட்டி போய்விடும். சிவப்பாக இருப்பதெல்லாம் ஒன்று என்று கடைக்காரர் சொன்னால் வேறு கடைக்குப் போங்கள்.

டிப்ஸ்டிக் உள்ள டொயோட்டாவில் நன்றாக ஓட்டிச் சூடாக்கி, சமதளத்தில் நிறுத்தி, லீவரை எல்லா இடத்துக்கும் மெதுவாக நகர்த்தி மறுபடி பி-க்குக் கொண்டுவந்து, இன்ஜின் ஓடும்போதே அளவு பார்க்க வேண்டும். ஹோண்டாவில் பல மாடல்களில் இன்ஜினை நிறுத்தி ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். டிப்ஸ்டிக்கே இல்லாத பெட்டியை ஆயில் சூட்டை அளந்து கீழ் பிளக் வழியாகத்தான் நிரப்ப முடியும், அதை வொர்க்‌ஷாப்பில் விடுங்கள்.

மண்டலேக்கு அடிக்கடி பாரம் ஏற்றிப் போகும் ஒருவர்: கூடுதலாக ஒரு கூலர் மாட்டினால் நல்லதா?

பாரமும் வெயிலும் சேரும் வண்டிக்கு நல்லது. ரேடியேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குத் திரும்பும் பைப்பில், ஏசி கண்டென்சருக்கு முன்னால் மாட்டுங்கள். எது திரும்பும் பைப் என்பதை மாடல் பார்த்து உறுதிசெய்த பிறகே வெட்டுங்கள். கூலரை ரேடியேட்டர் தகடுகளுக்குள் பிளாஸ்டிக் டை போட்டு இழுத்துக் கட்டுகிறார்கள், அது தகட்டை அறுத்து இன்னொரு கசிவை உண்டாக்கும். இரும்புப் பட்டை வைத்து பாடியில் போல்ட் போடுங்கள். ஹோஸ் பம்பர் கம்பியில் உரசும் இடத்தில் பழைய ரப்பர் துண்டு ஒன்றைச் சுற்றிவிடுங்கள்.