அப்பாவின் கடன் நோட்டிலிருந்து ஆரம்பி

கேள்வி: அக்கா, தாராவியில் 90 அடி சாலைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. பி.எஸ்சி. ஐ.டி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அப்பா சைக்கிளில் இட்லி விற்கிறார். எங்கள் பகுதி மக்களுக்குப் பயன்படுகிற மாதிரி மொபைல் ஆப் செய்யும் போட்டி ஒன்று அடுத்த மாதம் நடக்கிறது. பெரிய இன்ஜினியரிங் காலேஜ் பிள்ளைகளும் வருகிறார்கள். என்னிடம் இருப்பது அண்ணனின் பழைய லேப்டாப், 4 ஜிபி ரேம். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவைத் திறந்தாலே அப்படியே நின்றுவிடுகிறது. இதுவரை ஒரு ஆப் கூடச் செய்ததில்லை. மும்பை முழுவதற்கும் உதவுகிற மாதிரி ஏ.ஐ. வைத்து ஏதாவது செய்தால்தான் ஜெயிக்கலாம் என்கிறாள் தோழி. அப்பாவோ, "இதெல்லாம் நமக்கு எதுக்கு, படிப்பைப் பாரு" என்கிறார். கலந்துகொள்ளலாமா?
– ஒரு மாணவி, மும்பை

பதில்:

அன்புத் தங்கைக்கு,

கலந்துகொள். முதலில் பெயரைக் கொடுத்துவிட்டு வா, மீதியை அப்புறம் பேசலாம்.

உன் கடிதத்தில் எனக்குப் பளிச்சென்று பட்டது ஏ.ஐ.யும் இல்லை, 4 ஜிபி ரேமும் இல்லை. அப்பா சைக்கிளில் இட்லி விற்கிறார் என்று நீ எழுதிய அந்த ஒரு வரிதான். மாட்டுங்காவில் எங்கள் தெருவுக்கும் தாராவியிலிருந்து ஒரு அண்ணன் வருகிறார். காலையில் அவருடைய ஹாரன் சத்தம் கேட்டால்தான் எங்கள் கட்டடமே எழுந்திருக்கும். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருப்பார். ஒருநாள் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஒரு பக்கத்தில்கூட ஆள் பெயர் இல்லை. "நீல கேட் வாட்ச்மேன் 2 பிளேட்", "மூணாம் மாடி டீச்சர் 4, பாக்கி" என்று இப்படியே போகிறது. காசு வந்ததும் குறுக்கே ஒரு கோடு. மழை நாளில் நோட்டு நனைந்து பாதிக் கணக்கு ஊறிப்போனதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

உன் அப்பாவிடமும் இப்படி ஒரு நோட்டு இருக்கும். அந்த நோட்டுதான் உன் ஆப். கடன் கணக்கு ஆப் ஏற்கெனவே பல இருக்கின்றன, உண்மைதான். ஆனால் திறந்ததும் பெயரும் போன் நம்பரும் கேட்கிற ஆப் இவருக்கு ஆகாது. நீல கேட் வாட்ச்மேனின் நம்பர் அவருக்கு எதற்கு? ஒரு கேட் படம், பக்கத்தில் கூட்ட ஒரு பட்டன், கழிக்க ஒரு பட்டன், காசு வந்ததும் ஒரு கோடு. இவ்வளவே போதும். இதை உன்னால் யோசிக்க முடியும். அந்த வீட்டில் வளராதவர்களுக்கு இந்த யோசனை சட்டென்று வராது.

தாராவிக்கு இது புதிதும் இல்லை. சுமார் பத்து வருஷத்துக்கு முன்பே, தாராவி டைரி என்ற முயற்சியில் சேர்ந்த பள்ளிச் சிறுமிகள் இங்கே ஆப் செய்திருக்கிறார்கள். அதில் ஒன்று குழாயடி வரிசைக்கானது. தண்ணீர் பிடிக்க நம் முறை வந்ததும் போனில் தகவல் வரும். அவர்கள் பயன்படுத்தியது எம்.ஐ.டி. ஆப் இன்வென்டர். உனக்கும் நான் அதையே சொல்வேன். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவுக்குக் குறைந்தது 8 ஜிபி ரேம் வேண்டும், உன் லேப்டாப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆப் இன்வென்டர் பிரவுசரிலேயே ஓடும், காசும் கிடையாது. கட்டைகளைக் கோர்ப்பது மாதிரி நிரலைக் கோர்க்க வேண்டும். செய்கிறதை அப்போதைக்கப்போதே போனில் ஓட்டிப் பார்க்கலாம். கணக்கைப் போனிலேயே சேமித்து வைக்க டைனிடிபி என்று ஒன்று அதிலேயே இருக்கிறது. இப்படிக் கோர்த்துச் செய்ததைப் போட்டியில் ஏற்றுக்கொள்வார்களா என்று மட்டும் விதிகளைப் பார்த்துவிடு.

பாதி வேலை முடிந்ததும் அப்பாவின் கையில் கொடு. விளக்கம் எதுவும் சொல்லாதே, பக்கத்தில் பேசாமல் நில். இது ரொம்பக் கஷ்டம், வாய் தானாகவே "அப்பா, இங்கே அமுக்கு" என்று சொல்ல வரும். அடக்கிக்கொள். அவர் விரல் எங்கே தயங்குகிறது என்று குறித்துக்கொள். சட்னி ஊற்றிய ஈரக் கையோடு தொட்டால் டச் சரியாக வேலை செய்யாது, அதை வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. ஒரு நாள் காலையில் அவரோடு தெருவுக்குப் போ. ஆண்ட்ராய்டு வழிகாட்டி பட்டனுக்கு 48 டிபி (திரையில் அளவைக் குறிக்கும் அலகு) அளவாவது வேண்டும் என்கிறது, நீ அதைவிடப் பெரிதாகவே வை. எழுத்து தமிழில் இருக்கட்டும்.

"நமக்கு எதுக்கு" என்று சொன்ன அப்பாவிடம் எந்த வாதமும் செய்ய வேண்டாம். நோட்டைக் கொஞ்சம் காட்டச் சொல்லிக் கேள், போதும்.

இன்னொன்று. இதுமாதிரி ஒரு போட்டிக்கு ஒருமுறை நடுவராகப் போயிருந்தேன். இரண்டு தம்பிகள் அருமையான ஆப் கொண்டுவந்திருந்தார்கள். எல்லாமே சர்வரில் இருந்தது. அவர்கள் முறை வந்தபோது அரங்கத்தின் வைஃபை போய்விட்டது. கொடுத்த ஐந்து நிமிஷமும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு மாத உழைப்பு, நாங்கள் எதையும் பார்க்கவே இல்லை. இன்றைக்கும் நினைத்தால் மனசு கனக்கிறது. அதனால் போனை ஏரோபிளேன் மோடில் போட்டு ஆப் முழுசாக ஓடுகிறதா என்று பார். ஓடும்போதே ஒரு வீடியோவும் எடுத்து வைத்துக்கொள்.

விதிகளில் பிளே ஸ்டோர் லிங்க் வேண்டும் என்று இருந்தால் இன்றைக்கே வேலையைத் தொடங்கு. அங்கே ஆப் வெளியிடுவதற்கான கணக்கைத் திறக்க ஒருமுறைக் கட்டணம் 25 டாலர். தனிநபர் பெயரில் புதிதாகத் திறந்தால், 12 பேர் 14 நாள் தொடர்ந்து சோதித்த பிறகுதான் வெளியிட விண்ணப்பிக்கவே முடியும். ஏபிகே கோப்பு போதும் என்றால் இந்தத் தலைவலியே இல்லை, நேராகப் போனில் ஏற்றிக் காட்டலாம். ஐபோன் பக்கம் இப்போதைக்குப் போகாதே, ஆப்பிள் வருஷத்துக்கு 99 டாலர் கேட்கும். செய்த ஆப் யாருக்குச் சொந்தம் என்று விதிகளில் ஒரு வரி இருக்கும், அதைக் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே படித்துவிடு. ஏ.ஐ. உதவி வாங்க அனுமதி இருந்தால் வாங்கு, ஆனால் ஒவ்வொரு கட்டையும் ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்டால் உனக்குச் சொல்லத் தெரிய வேண்டும்.

தோழி சொல்கிற "மும்பை முழுவதும்" பற்றி எனக்கு ஒரே ஒரு கேள்விதான். யார் பயன்படுத்திப் பார்த்தார்கள் என்று நடுவர் கேட்டால் என்ன பதில் இருக்கும்? நீ "அப்பாவும், எங்கள் சந்தில் இட்லி விற்கிற மூன்று பேரும்" என்று சொல்லலாம். ஆனால் மேடையில் உண்மையான பாக்கிக் கணக்கைக் காட்டாதே. நீல கேட் வாட்ச்மேனுக்கும் மானம் உண்டு. கற்பனையாக நாலு கணக்குப் போட்டு வை.

ஆப் சரியாக ஓடுகிறது என்று அப்பாவே சொல்லும்வரை நோட்டும் பக்கத்தில் நடக்கட்டும். போட்டி நாளில் காலை வியாபாரம் முடித்துவிட்டு அவரால் வர முடியுமா என்று கேட்டுப் பார். வந்தால், உன் போனை எடுக்காதே, அவர் போனிலேயே காட்டு.

அன்புடன்,
அக்கா