வெளிச்சுவரில் கரும்பாசி: மருந்தா, மெஷினா?

கேள்வி: ஐந்து ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டு வெளிச்சுவருக்கு எமல்ஷன் அடித்தோம். இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர் என்பதால் வடக்குச் சுவரும் சன்ஷேடும் மாடிக் கைப்பிடிச்சுவரும் கறுத்துப்போய்விட்டன. பிரஷர் மெஷினால் பீய்ச்சியடிக்கலாம் என்கிறார் ஒருவர். மருந்து தெளித்தாலே போதும் என்கிறார் இன்னொருவர். வீட்டை ஒட்டித் தோட்டமும் கிணறும் உள்ளன. எதைச் செய்வது?
(வாசகி, நாகர்கோவில்)

பதில்: மருந்துதான். உங்கள் சுவரில் இருப்பது அழுக்கன்று, உயிருள்ள பாசியும் பூஞ்சணமும். நூறு ‘பார்’ (அழுத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்கு மேற்பட்ட அழுத்தத்தில் பாயும் நீர் மேற்பரப்பில் தெரிவதைச் சீவியெடுக்குமே தவிர, நுண்துளைகளில் தங்கியதைக் கொல்லாது. அத்துடன் பழைய பெயின்டை உரித்து, பூச்சின் மயிரிழை வெடிப்புகளுக்குள் நீரையும் செலுத்திவிடும்.

கொரோனா காலத்தில் தரையையும் கைப்பிடிகளையும் துடைத்த அதே சோடியம் ஹைப்போகுளோரைட்தான் இதற்கும் மருந்து. கெமிக்கல் கடையில் 10 சதவீதக் கரைசலாகக் கிடைத்தால், ஒரு லிட்டருக்கு ஒன்பது லிட்டர் நீர் சேர்க்க, ஒரு சதவீதமாகிவிடும். சுவருக்கு இதுவே போதும். வெயிலிலும் வெப்பத்திலும் வீரியம் குறைந்துவிடும் பொருள் என்பதால், மாதக்கணக்கில் கிடந்த கேனை வாங்காதீர்கள். கலந்ததை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். பிளீச்சிங் பவுடரைக் கரைத்து அடிப்போரும் உண்டு. அதிலுள்ள சுண்ணாம்பு வெள்ளைத் திட்டாகப் படிவதால் பெயின்ட் அடித்த சுவருக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

வெயில் ஏறுவதற்கு முன், காற்று அடங்கிய காலை வேளையில், மறைவான ஓரிடத்தில் அடித்துப் பார்த்து, பெயின்டின் நிறம் வெளுக்கவில்லை என்று தெரிந்த பின் தொடங்குங்கள். பூச்சிமருந்து அடித்திராத கைத்தெளிப்பானால், கோடு விழாதிருக்கக் கீழிருந்து மேலாகத் தெளித்து, பத்துப் பதினைந்து நிமிடம் விட்டுவிட வேண்டும். கறுப்பு மெல்லப் பழுப்பாகி, பிறகு வெளிறிப்போவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். தேய்க்கத் துடிக்கும் கையை அடக்கிக்கொள்வதுதான் சிரமம். கலவை சுவரிலேயே காய்ந்துவிடாமல், சாதாரணக் குழாய்நீரால் மேலிருந்து கீழாகக் கழுவிவிடுங்கள். அலுமினிய ஜன்னலையும் இரும்புக் கிரில்லையும் இரட்டிப்பாகக் கழுவுங்கள், அரித்துவிடும். மீட்டர் பெட்டிக்கும் வெளிப்புற சுவிட்சுகளுக்கும் அருகில் வேலை செய்யுமுன் மெயினை அணைத்து, அவற்றை மூடிவைக்க வேண்டும்.

தோட்டத்தைப் பொறுத்தவரை, தெளிப்பதற்கு முன்பே இலையும் வேர்மண்ணும் நன்றாக நனையும்படி நீர் விடுங்கள், முடிந்ததும் மறுபடியும் விடுங்கள். இந்த முன்நனைப்பைச் சோம்பலில் விட்டதால், எங்கள் வீட்டுக் கறிவேப்பிலைக் கன்று ஒரே நாளில் கருகிப்போனது. கிணற்றுக்கு வாய் மூடினால் மட்டும் போதாது. தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால், மாடியிலிருந்து இறங்கும் குழாய் உங்கள் கிணற்றுக்கோ உறிஞ்சுகுழிக்கோ போய்ச்சேரும். வேலை முடிந்து மாடியை நன்கு அலசிவிடும் வரை அந்தக் குழாயைக் கழற்றி, கழுவிய நீரைச் செடியில்லாத வெட்டவெளிக்குத் திருப்புங்கள்.

ரப்பர் கையுறையும் முழுக்கைச் சட்டையும் கண்ணை முழுதாக மூடும் கண்ணாடியும் வேண்டும். கண்ணில் தெறித்தால் பதினைந்து நிமிடமாவது ஓடும் நீரில் கழுவிவிட்டு, உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

சன்ஷேடின் அடிவிளிம்பில் நீர் சொட்டி விழுவதற்கான காடி (நீளப் பள்ளக்கோடு) இல்லையென்றாலோ, மாடித் தொட்டி நிரம்பி வழிந்து சுவரை நனைத்தாலோ, அடுத்த மழையிலேயே பாசி திரும்பும். அதைச் சரிசெய்துவிட்டு, சுவர் நன்றாகக் காய்ந்த பின் பெயின்ட் அடியுங்கள்.

கேள்வி: இப்படிக் கழுவியும் கிரில்லுக்குக் கீழே துருக்கறை போகவில்லை. அதே கலவையில் கொஞ்சம் டாய்லெட் ஆசிட் சேர்க்கலாமா?
(வாசகர், திருச்சி)

பதில்: கூடவே கூடாது. ஹைப்போவுடன் (சோடியம் ஹைப்போகுளோரைட்) ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். காற்றைவிடக் கனமானது என்பதால் சந்திலும் படிக்கட்டின் அடியிலும் தங்கி மூச்சை அடைக்கும். அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவமும், எலுமிச்சை சேர்த்த பாத்திர சோப்பும் இதனுடன் சேரக்கூடாதவையே. துருவை ஹைப்போ தொடாது. அதற்கு ஆக்ஸாலிக் அமிலம் உண்டு. முதல் மருந்தை முற்றிலும் கழுவி, சுவர் காய்ந்த பின், வேறொரு நாளில் வேறொரு வாளியில் கரைத்துப் பயன்படுத்துங்கள்.