நீல மேசை (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

நான் லண்டனில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்து வடமராட்சியிலிருந்து வந்தவர்கள். ஆறு ஆண்டுகளாகக் கணக்குத் துறையில் வேலை செய்கிறேன். 2024 ஆகஸ்டில், சவுத்போர்ட் நகரில் மூன்று சிறுமிகளைக் கொன்றவன் புகலிடம் தேடி வந்தவன் என்று பரவிய பொய்ச் செய்தியால் பல ஊர்களில் கலவரம் நடந்தபோது, ஆறு வயதான என் மருமகன், "எங்களையும் அனுப்பிவிடுவார்களா, அத்தை?" என்று கேட்டான். அன்றே தொடக்கப்பள்ளி ஆசிரியை ஆவது என்று முடிவெடுத்தேன். பி.ஜி.சி.இ. என்னும் ஓராண்டு ஆசிரியர் பயிற்சிப் படிப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். அப்பா என்னோடு பேசுவதில்லை. ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டச் சொல்லிக்கொடுத்து இனவெறியை எதிர்க்க முடியுமா? இல்லை, இது வெறும் உணர்ச்சிவேகமா?

ச., கிழக்கு லண்டன்

அன்புள்ள ச.,

உணர்ச்சிவேகம்தான். இப்போதைய வேலையை விட்டுவிட அது போதும். பள்ளியில் நிலைக்கப் போதாது. கலவரத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, உங்கள் நகரத்தின் பழைய கதை ஒன்றைக் கேளுங்கள்.

1960களில் லண்டனில் சில பிள்ளைகளை மந்தமானவர்கள் என்று முத்திரை குத்தித் தனிப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். 1967 வாக்கில் சாதாரணப் பள்ளிகளில் குடியேறிகளின் பிள்ளைகள் 15 சதவீதம். அந்தத் தனிப் பள்ளிகளில் 28 சதவீதம். அவர்களில் பெரும்பாலோர் கரீபியத் தீவுகளிலிருந்து வந்த குடும்பத்தினர். கரீபியத் தீவான கிரெனடாவிலிருந்து வந்து அப்பள்ளிகளில் கற்பித்த பெர்னார்டு கோர்டு 1971இல் சிறுநூல் எழுதி இதை அம்பலப்படுத்தினார். பிள்ளைகளுக்கு வைத்த சோதனைகள் ஆங்கிலேய வீட்டுச் சொற்களால் ஆனவை. தண்ணீர்க் குழாய்க்குத் தீவுகளில் வழங்கும் சொல் வேறு. சோதனை கேட்ட சொல் வேறு. குழந்தை விழித்தது. மதிப்பெண் குறைந்தது. இதில் கல்லெறிந்தவர் எவருமில்லை. கையெழுத்துப் போட்டவர்கள் பலர் நல்லவர்கள், பிள்ளைக்கு உதவுவதாகவே நம்பியவர்கள். அந்த முத்திரையைச் சட்டத்திலிருந்து நீக்க 1981 வரை ஆனது.

உங்கள் மருமகனின் வகுப்பில் பிள்ளைகளைத் திறன் பார்த்துச் சிவப்பு மேசை, நீல மேசை என்று பிரித்து உட்காரவைத்திருக்கிறார்களா? எது 'கெட்டிக்கார' மேசை என்று அவனிடம் கேளுங்கள். ஆசிரியர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கமாட்டார், ஆனாலும் அவனுக்குத் தெரிந்திருக்கும். நீங்கள் போகப்போவது அந்த மேசைக்குத்தான். வீட்டில் தமிழோ சோமாலியோ பேசும் பிள்ளை வாய் திறக்காதபோது, அறிவில்லை என்று எழுதுவதா, இன்னும் மூன்று மாதம் பொறுப்பதா என்று முடிவு செய்யும் இடம் அது.

உங்களுக்கு முன்பே அந்த நகரத்தில் கற்பித்த ஓர் ஆசிரியையைப் பற்றிச் சொல்கிறேன். பெரில் கில்ராய் தென் அமெரிக்காவில் பிரிட்டிஷ் கயானாவின் பெர்பீஸ் பகுதியில் பிறந்தவர். நம் சென்னைத் துறைமுகத்திலிருந்து கூலிகளாகப் போனவர்கள் மாரியம்மனைக் கொண்டுசென்ற அதே மண். ஊரில் தகுதிபெற்ற ஆசிரியை. 1950களின் தொடக்கத்தில் லண்டன் வந்தபோது எந்தப் பள்ளியும் சேர்க்கவில்லை. பாத்திரம் கழுவினார், வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்தார். பிறகுதான் வகுப்பறை கிடைத்தது. 1969இல் வெஸ்ட் ஹாம்ப்ஸ்டெட்டில் ஒரு தொடக்கப்பள்ளிக்குத் தலைமையாசிரியரானார். பள்ளியின் பெயரோ பெக்ஃபோர்டு, ஜமைக்காவில் அடிமைகளை வைத்துக் கரும்பு விளைவித்த குடும்பத்தின் பெயர். அந்தப் பெயர்ப்பலகைக்குக் கீழேதான் அவர் தினமும் உள்ளே போனார். பலகையை மாற்ற 2021 வரை ஆனது. பிள்ளைகள் அதுவரை காத்திருக்கவில்லை.

எனக்கு லண்டன் வகுப்பறை தெரியாது, எங்கள் ஊர்ப் பள்ளி தெரியும். சுதந்திர தினத்துக்குப் பாரதமாதா வேடம் அங்கே ஆண்டுதோறும் நிறம் பார்த்தே கொடுக்கப்பட்டது. என் அக்காவுக்கு நல்ல குரல். அவளைத் திரைக்குப் பின்னால் நின்று பாடச் சொன்னார்கள். மேடையில் வேறொரு பெண் வாயசைத்தாள். அந்த டீச்சர் எங்களுக்கு மாம்பழம் கொடுப்பார், அன்பானவர். அக்காவுக்கு இப்போது அறுபது வயது. கோயிலில்கூடப் பாடுவதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபிக்காதீர்கள். கறுப்பினத்தவரைக் குறிக்க நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் புழங்கும் சொல் உங்களுக்குத் தெரியும். 'காப்பிலி' என்று சிரித்துக்கொண்டே சொல்லும் மாமாக்கள் நடுவில் வளர்ந்த காது உங்களுடையது. உங்கள் வகுப்பில் கானா நாட்டுப் பிள்ளையும் இருப்பான், போலந்துப் பிள்ளையும் இருப்பான். எந்தப் பிள்ளை சத்தம் போட்டால் உங்களுக்கு முதலில் எரிச்சல் வருகிறது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள். வேறு யாரிடமும் காட்ட வேண்டியதில்லை.

அப்பாவிடம் கில்ராய் கதையைச் சொல்லாதீர்கள், பயனில்லை. ஆசிரியர்களுக்கு ஓய்வூதியம் உண்டு என்று சொல்லுங்கள். எங்கள் தலைமுறை அந்தச் சொல்லுக்குத் தலைநிமிரும்.

விண்ணப்பிக்கும் முன் ஒரு வாரம் விடுப்பு எடுத்து, அனுமதி தரும் ஏதாவது ஒரு பள்ளியில் போய் உட்காருங்கள். முப்பது பிள்ளைகள், மழைநாள், விளையாட விடமுடியாத மதியம். அந்தச் சத்தம் மாலையில் தலைவலியாக மட்டும் மிஞ்சினால் கணக்குக்கே திரும்பிவிடுங்கள். நான் குறைவாக நினைக்கமாட்டேன். எந்தப் பிள்ளையாவது இரவிலும் நினைவுக்கு வந்தால், எனக்கு எழுதுங்கள்.