டிக் டிக் என்று சத்தம் போடும் ஹார்ட் டிஸ்க்

கேள்வி: என் டெஸ்க்டாப் வாங்கிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. கொஞ்ச நாளாக ஆன் ஆகவே ரொம்ப நேரம் பிடிக்கிறது, ஃபைலைத் திறந்தால் அப்படியே நின்றுவிடுகிறது, அவ்வப்போது உள்ளேயிருந்து டிக் டிக் என்று சத்தம் வேறு. விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க் சோதனைக் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டிப் பார்க்கலாமா? மாற்றுவதென்றால் பழைய கம்ப்யூட்டரில் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிரைவ்) வேலை செய்யுமா?

பதில்: முதலில், தயவுசெய்து செக்டிஸ்க் ஓட்டாதீர்கள். பழுதுபார்க்கச் சொல்லி ஓட்டினால் அது டிஸ்க் முழுவதையும் துருவிப் படிக்கலாம், சரிசெய்கிறேன் என்று அதிலேயே எழுதவும் செய்யும். சாகப்போகிற டிஸ்க்குக்கு இந்த இரண்டுமே ஆகாது. அந்தச் சத்தம் பெரும்பாலும், டிஸ்க்கின் ஹெட் (தகவலைப் படிக்கும் முனை) தான் படிக்க வேண்டிய இடத்தைப் பிடிக்க முடியாமல் திரும்பித் திரும்பி முயல்வதால் வருவது. இன்னும் ஃபைல்கள் திறக்கின்றன என்றால் இன்றைக்கே போட்டோ, டாக்குமென்ட் என்று திரும்பக் கிடைக்காதவற்றை முதலில் வெளி டிரைவுக்கு நகல் எடுங்கள், சினிமாவும் பாட்டும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். டி டிரைவில் ஒரு காப்பி இருக்கிறதே என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள், ஆனால் பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் சி, டி இரண்டும் ஒரே டிஸ்க்கின் இரண்டு பகுதிகள்தான், போனால் சேர்ந்தேதான் போகும்.

நகல் எடுத்த பிறகு கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் 'ரீஅலொகேட்டட் செக்டர்ஸ்' (கெட்டுப்போய் மாற்று இடம் தரப்பட்ட பகுதிகள்), 'கரன்ட் பெண்டிங் செக்டர்' (படிக்க முடியாமல் சந்தேகத்தில் இருக்கும் பகுதிகள்) என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். அந்த எண்கள் நாளுக்கு நாள் ஏறினால் டிஸ்க்கின் கதை முடிந்தது. இரண்டும் பூஜ்யமாக இருந்து சிஆர்சி எரர் (தகவல் வரும் வழியில் நேரும் பிழை) மட்டும் ஏறினால், டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள், ஆனால் டிக் டிக் சத்தம் இருக்கும்போது அதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். பயாஸிலேயே (ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன் இயங்கும் அமைப்பு) டிஸ்க் தெரியவில்லை, சத்தமும் நிற்கவில்லை என்றால் உடனே பவரை நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் சேதம் கூடலாம்; அதற்குமேல் டேட்டா ரெக்கவரி செய்பவர்கள்தான் கை வைக்க வேண்டும்.

எஸ்எஸ்டி தாராளமாக வேலை செய்யும், என்னைக் கேட்டால் அதைத்தான் போட வேண்டும். 2.5 அங்குல சாட்டா வகை வாங்குங்கள், போர்டிலேயே நேராகச் செருகும் சின்ன அட்டை போன்ற எம்.2 வகைக்குப் பழைய மதர்போர்டில் பெரும்பாலும் இடமே இருக்காது. போர்டில் இருப்பது பழைய 3 ஜிபிபிஎஸ் சாட்டாவாகவே இருந்தாலும் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும், ஏனென்றால் ஹார்ட் டிஸ்க் ஒவ்வொரு துண்டையும் தேடிப்பிடிக்க 10 மில்லிசெகண்ட் அளவுக்கு எடுத்துக்கொள்ளும், எஸ்எஸ்டிக்கு அந்தத் தேடல் கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

மாட்டுவது எளிது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேஸின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டு, பழைய டிஸ்க்கில் இருந்த அகலமான பவர் கனெக்டரையும் குறுகிய டேட்டா கேபிளையும் கழற்றிப் புதியதில் செருகுங்கள். இரண்டிலும் 'எல்' வடிவப் பள்ளம் இருப்பதால் தலைகீழாகப் போகாது. விண்டோஸைப் புதிதாகவே போடுங்கள், பழுதான டிஸ்க்கை குளோன் செய்தால் (அப்படியே முழுசாக நகலெடுத்தால்) கெட்டுப்போன சிஸ்டம் ஃபைல்களும் கூடவே வரும். போடுவதற்கு முன்பே பயாஸில் சாட்டா மோடை (டிரைவோடு பேசும் முறை) ஏஹெச்சிஐ ஆக்கிவிடுங்கள், பிறகு மாற்றினால் விண்டோஸ் திறக்காமல் நீலத் திரையில் பிழை வரலாம்.

பழைய டிஸ்க்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நகல் எடுத்த போட்டோக்களை நாலைந்து ஃபோல்டரிலாவது திறந்து பார்த்து, எல்லாம் சரியாகத் திறக்கின்றன என்று தெரியும்வரை பத்திரமாக இருக்கட்டும்.