முள் ஏன் பூஜ்யத்துக்கு வர மறுக்கிறது? குரோனோகிராஃப் கேள்வி பதில்

பொழுதுபோக்காக மெக்கானிக்கல் குரோனோகிராஃப் (ஸ்டாப்வாட்ச் வசதியுள்ள கடிகாரம்) பிரித்துப் பார்ப்பவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: சார், என்னுடையதில் இருப்பது வால்ஜூ 7750 மூவ்மென்ட் (கடிகாரத்தின் உள் இயந்திரம்). சாதாரணமாக நன்றாக ஓடுகிறது. குரோனோகிராஃப் பட்டனைத் தட்டினால் பத்து, பதினைந்து நிமிடத்தில் கடிகாரமே நின்றுவிடுகிறது. எதைக் கழற்றட்டும்?

பதில்: இப்போதைக்கு எதையும் கழற்ற வேண்டாம். குரோனோகிராஃபுக்கென்று தனி சக்தி கிடையாது. கடிகாரத்திடம் கடன் வாங்கித்தான் ஓடுகிறது. கடன் கேட்பவன் அதிகமாகக் கேட்கிறானா, கொடுப்பவனிடமே காசு இல்லையா என்பதை முதலில் பாருங்கள்.

முழுச் சாவி கொடுத்து, டயல் மேல்நோக்கி இருக்கும்படி டைம்கிராஃபரில் (டிக் ஓசையைக் கேட்டு ஓட்டத்தை அளக்கும் கருவி) வையுங்கள். கணக்குப் போட அந்தக் கருவி கேட்கும் லிஃப்ட் ஆங்கிள் என்ற கோணத்தை 49 டிகிரி என்று மாற்றிக்கொள்ளுங்கள். பெரும்பாலான கருவிகள் 52-இல் நிற்கும், அப்படியே விட்டால் ஆம்ப்ளிட்யூட் (பேலன்ஸ் சக்கரம் ஊசலாடும் அளவு, டிகிரியில்) தப்பாகக் காட்டும். குரோனோகிராஃபை நிறுத்தி ஒரு அளவு, ஓடவிட்டு ஒரு அளவு எடுங்கள். 290 இருந்தது 265 ஆனால் இயல்புதான். நிறுத்தியிருக்கும்போதே 220 என்றால் குரோனோகிராஃப் நிரபராதி. காய்ந்த எண்ணெய், களைத்த மெயின்ஸ்பிரிங் (சாவி கொடுத்தால் இறுகும் சுருள்), அழுக்கு பிவட் (சக்கரத் தண்டின் முனை) என்று அடிப்படைக் கடிகாரத்தில்தான் வேலை இருக்கிறது. எனக்கு வரும் புகார்களில் பாதிக்கு மேல் இந்த ரகம்.

290-இலிருந்து 200-க்கு விழுந்தால் சுமை குரோனோகிராஃபில் இருக்கிறது. அப்போது எந்த இடத்தில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். விநாடி முள் ஒவ்வொரு முறையும் 58, 59 பக்கம் வந்து சாகிறதா? நிமிட முள்ளைத் தள்ளும் நேரம் அது. நிமிடச் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் ஜம்பர் ஸ்பிரிங் அதிக இறுக்கமாக இருக்கலாம், பல்லில் தூசி இருக்கலாம். எங்கே வேண்டுமானாலும் நின்றால் விநாடிச் சக்கரத்தின் பிவட்டையும் சாயும் பினியனையும் (சிறு பற்கள் கொண்ட தண்டு) பாருங்கள். 7750-இல் அந்தப் பினியனின் ஒரு முனை எப்போதும் நான்காம் சக்கரத்தோடு (கடிகாரத்தின் சொந்த விநாடிச் சக்கரம்) பிணைந்திருக்கும், மறுமுனை சாய்ந்து குரோனோகிராஃப் சக்கரத்தைப் பிடிக்கும். அதன் பிவட்டில் ஒரு நார் சிக்கினாலும் போதும்.

கேள்வி: ரீசெட் செய்தால் விநாடி முள் பூஜ்யத்துக்கு வராமல் பக்கத்தில் நிற்கிறது. சுத்தியலை (முள்ளைப் பூஜ்யத்துக்குத் தள்ளும் நெம்புகோல்) வளைக்க வேண்டுமா?

பதில்: ஐயோ, வேண்டாம்! ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்கிறதா, இடம் மாறுகிறதா? எப்போதும் இரண்டு விநாடி தள்ளி நின்றால் முள்ளைப் பொருத்தியவர் தப்பாகப் பொருத்தியிருக்கிறார், அவ்வளவுதான். ரீசெட் நிலையில், சுத்தியல் கேமை (முள்ளின் தண்டிலுள்ள இதய வடிவத் தகடு) அழுத்தியபடி இருக்கும்போது முள்ளை எடுத்துச் சரியாக வையுங்கள். அந்தச் சக்கரத்தின் கீழ்முனைக்குப் பின்னாலிருந்து தாங்கல் கொடுக்காமல் அழுத்தினால் அதைத் தாங்கும் கல் உடையும்.

இடம் மாறி மாறி நின்றால் முள்ளின் குழாய் தளர்ந்து, தண்டு மட்டும் திரும்பி முள் பின்தங்குகிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள். நாலைந்து முறை கழற்றி மாட்டிய முள்ளுக்கு வரும் வியாதி இது. முள்ளை எடுத்துவிட்டு, லூப்பில் (உருப்பெருக்கியில்) இதய வடிவக் கேமைப் பார்த்துக்கொண்டே ரீசெட் அழுத்துங்கள். எந்தக் கோணத்தில் நின்றாலும் சுத்தியல் தட்டியதும் இதயம் உருண்டு ஒரே நிலைக்கு வர வேண்டும். அடோல்ஃப் நிக்கோல் 1844-இல் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு, இன்னும் இதைவிட நல்லது வரவில்லை. கேம் ஒழுங்காக உட்கார்ந்தால் குற்றவாளி முள். கேமே பாதியில் நின்றால்தான் சுத்தியல், அதன் ஸ்பிரிங், அழுக்கு என்று போக வேண்டும்.

கேள்வி: ரோட்டர் (கை அசைவில் சுற்றிச் சாவி ஏற்றும் எடை) ஒரு பக்கம் தட்டாமாலை சுற்றுகிறது, கையே அதிர்கிறது. பழுதா?

பதில்: 7750 ஒரு திசையில் மட்டும் சாவி ஏற்றும். மறு திசையில் தடையில்லாமல் சுற்றும். அதன் சுபாவம்.

கேள்வி: சீகல் எஸ்டி19 மூவ்மென்ட்டில் ஸ்டார்ட் அழுத்தியதும் முள் லேசாகத் துள்ளுகிறது.

பதில்: குரோனோகிராஃபைக் கடிகாரத்தோடு இணைக்கும், பக்கவாட்டில் வந்து பிடிக்கும் கிளட்ச் அது. இரண்டு சக்கரங்களின் பற்கள் எப்போதும் நேருக்கு நேர் சரியாகச் சந்திக்காது, அதனால் கொஞ்சம் துள்ளத்தான் செய்யும். ஒரு கோட்டைத் தாண்டித் துள்ளினால், அல்லது ஓடும்போது இடையிடையே வழுக்கினால், பற்கள் பிணையும் ஆழத்தைப் பாருங்கள். துள்ளலே பிடிக்காதவர்கள் செங்குத்துக் கிளட்ச் உள்ளதைத் தேட வேண்டும். 1969-இல் வந்த சீகோ (Seiko) 6139-இல் அது உண்டு. ஆனால் அந்தக் கிளட்சைப் பிரிக்கும் ஆசை வேண்டாம்.

கேள்வி: அண்ணா, ஆழத்தைச் சரிசெய்ய அந்த மையம் விலகிய (எக்சென்ட்ரிக்) திருகைத் திருப்பலாமா?

பதில்: கடைசியாக. சுத்தம் செய்து, எண்ணெய் போட்டு, எல்லாவற்றையும் பார்த்த பிறகு. முதன்முதலில் என் கைக்கு வந்த குரோனோகிராஃபில் ஆர்வத்தில் மூன்று எக்சென்ட்ரிக் திருகுகளையும் திருப்பினேன். கோளாறு ஒரு துளி காய்ந்த கிரீஸில் இருந்தது. அதைத் துடைத்தபின்னும் திருகுகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மூன்று வாரம் போனது. தொடுவதற்கு முன் படம் எடுங்கள். ஒரு நேரத்தில் ஒரே திருகு, அதுவும் மயிரிழை.

கேள்வி: பட்டன் கட்டளையை நடத்த காலம் வீல் (column wheel, தூண்கள் கொண்ட சக்கரம்) வைத்ததுதான் உயர்ந்தது, கேம் (வெட்டிய தகடு) மட்டம் என்கிறார்களே?

பதில்: (தமிழில் எழுதினால் ‘காலம் வீல்’ என்பது காலச்சக்கரம் மாதிரி ஆகிவிடுகிறது, பொருத்தமாகத்தான் இருக்கிறது.) பட்டன் அழுத்தும் சுகம் அதில் கூடுதல். பழுது பார்க்க எனக்குக் கேம்தான் பிடிக்கும். ஒமேகா 1968-இல் காலம் வீல் வைத்த 321 மூவ்மென்ட்டை விட்டு, கேம் வைத்த 861-க்குப் போனது. அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

கேள்வி: எண்ணெய் எங்கெல்லாம்?

பதில்: எங்கே வேண்டாம் என்பது முக்கியம். சக்கரப் பற்களில் வேண்டாம், பேலட் ஃபோர்க் (பேலன்ஸுக்கு உந்துதல் கொடுக்கும் கவை) பிவட்டில் வேண்டாம். இரும்பும் இரும்பும் உரசும் நெம்புகோல்களுக்குக் கொஞ்சம் கிரீஸ். பற்களில் போட்ட எண்ணெய் தூசியைக் கூட்டி வைத்துக்கொள்ளும், ஆறு மாதத்தில் முதல் கேள்விக்காரர் மாதிரி வந்து நிற்பீர்கள்.

கேள்வி: ரீசெட் பட்டன் கல்லு மாதிரி இருக்கிறது. பலமாக அழுத்தட்டுமா?

பதில்: முதலில் குரோனோகிராஃபை நிறுத்திவிட்டீர்களா? ஓடும்போது ரீசெட்டைத் தடுத்து வைப்பது பல மூவ்மென்ட்களின் வழக்கம், அங்கே பலம் காட்டினால் உடையும். நிறுத்தியும் இறுக்கம் என்றால் மூவ்மென்ட்டைக் கேஸிலிருந்து எடுத்து, மரக்குச்சியால் அதே நெம்புகோலைத் தள்ளுங்கள். வெண்ணெய் மாதிரி நகர்ந்தால் கோளாறு கேஸின் பட்டன் குழாயில். வியர்வை உப்பாக இருக்கும், கழுவினால் போகும்.