வாசகர் கேள்வி பதில்: ஸ்ட்ரீம், சேர்வர், கன்னியாக் கிணறு

கேள்வி (உப்புவெளி): அண்ணா, நான் பின்னேரத்தில கேம் ஸ்ட்ரீம் பண்ணுறனான். ஸ்பீட் டெஸ்ட்ல 40 எம்பிபிஎஸ் காட்டுது, ஆனா பாக்கிற ஆக்கள் விட்டு விட்டு வருது எண்டு சொல்லுறாங்கள். புது கிராஃபிக்ஸ் கார்ட் வாங்கோணுமா?

பதில்: தம்பி, காசை இப்போதைக்கு வச்சிருங்கோ. அந்த 40 டவுன்லோட், ஸ்ட்ரீமுக்கு வேண்டியது அப்லோட், அது எவ்வளவு எண்டு முதல்ல பாருங்கோ. பிறகு ஸ்ட்ரீம் பண்ணுற ஓபிஎஸ் மென்பொருள்ல ஸ்டாட்ஸ் எண்டு ஒரு விண்டோ இருக்கு, ஸ்ட்ரீம் ஓடேக்க அதை திறந்து வச்சிருங்கோ. ட்ராப்ட் ஃப்ரேம்ஸ் ஏறினா இன்டர்நெட் லைன் பிரச்சினை, என்கோடிங் லாக் ஏறினா வீடியோவைச் சுருக்கி அனுப்புற வேலை (என்கோட்) மெஷினுக்கு ஏலாமல் கிடக்கு, ரெண்டரிங் லாக் ஏறினா கேமே கார்டை முழுசா எடுக்குது, அப்ப கேமுக்குள்ள ஃப்ரேம் ரேட்டை 60ல நிப்பாட்டி விட்டா அரைவாசி சரியாகும். மூண்டும் மூண்டு வருத்தம், மருந்தும் வேற வேற. கனபேர் இதைப் பாக்காமலே கார்ட் வாங்கிறாங்கள், எனக்கு அது சரியான கவலை.

அப்லோட் 5 எம்பிபிஎஸ் தான் வருது எண்டா பிட்ரேட்டை (செக்கனுக்கு அனுப்புற டேட்டா அளவு) 3000 கேபிபிஎஸ்ல வச்சு 720பி, 30 ஃப்ரேம்ல போங்கோ, கீஃப்ரேம், அதாவது முழுப்படம் போற இடைவெளி, 2 செக்கன். வைஃபை வேண்டாம், ரவுட்டர்ல இருந்து வயர் இழுங்கோ. ஒரு மணித்தியாலத்துக்கு 1.4 ஜிபி கிட்ட போகும், டேட்டா பக்கேஜ் எடுக்கேக்க அதையும் கணக்கில எடுங்கோ.

கேள்வி (திருக்கடலூர்): மைக் முதல்ல வாங்கிறதா கேமரா வாங்கிறதா?

பதில்: மைக். படம் மங்கலா இருந்தாலும் சனம் இருந்து பாக்கும், சத்தம் இரைஞ்சா உடன போயிடும்.

கேள்வி (நிலாவெளி): வீட்டில பழைய லப்டொப் ஒண்டு கிடக்கு, அதில மைன்கிராஃப்ட் சேர்வர் போட்டு டொரண்டோவில இருக்கிற மச்சானோட விளையாட விருப்பம். ரவுட்டர்ல அதுக்கான வாசல், போர்ட் 25565, திறந்தும் அவரால உள்ளுக்க வர ஏலாம கிடக்கு.

பதில்: ரவுட்டர்ட செட்டிங்ஸ் பக்கத்துக்குள்ள போய் உங்கட இன்டர்நெட் ஐபி (நெட்டில உங்கட விலாசம்) என்ன எண்டு பாருங்கோ. அது 100.64 தொடக்கம் 100.127 வரைக்குள்ள இருந்தா நீங்க சிஜிநாட்டுக்குப் பின்னால இருக்கிறீங்க, அதாவது கனபேர் ஒரே பப்ளிக் ஐபிய பங்கு போடுறீங்க, நீங்க எத்தினை போர்ட் திறந்தாலும் வெளியில இருந்து வாறவருக்கு உங்கட வீடு தெரியாது. 4ஜி ரவுட்டர்ல இது சாதாரணம். டெயில்ஸ்கேல் எண்ட மென்பொருளை லப்டொப்லயும் மச்சான்ட கொம்பியூட்டர்லயும் போடுங்கோ, ரெண்டும் ஒரே வீட்டு நெட்வேர்க்கில இருக்கிற மாதிரி ஆகிடும், போர்ட் ஒண்டும் திறக்கத் தேவையில்லை.

பழைய லப்டொப் நல்ல தெரிவு. சும்மா நிக்கேக்க 15 வாட் எடுத்தா மாசத்துக்கு 11 யூனிட் கிட்டத்தான், கரண்ட் போனாலும் பட்டறி கொஞ்ச நேரம் தாங்கும். பட்டறி வீங்கியிருந்தா மட்டும் உடன கழட்டுங்கோ, அதில விளையாட வேண்டாம். கடற்கரைப் பக்கம் எண்டபடியா ஜன்னலடியில வைக்காதேங்கோ, உப்புக்காத்து ஃபேனையும் வயர் செருகிற இடத்து உலோகப் பின்களையும் தின்னும், கச்சான் காத்துக் காலத்தில அறையே அடுப்பு மாதிரி, அப்ப கீழ ரெண்டு கட்டை வச்சு உயர்த்தி விடுங்கோ.

இன்னுமொண்டு. சேர்வர் ஓடேக்க வேர்ல்ட் ஃபோல்டரை அப்பிடியே கொப்பி பண்ணாதேங்கோ. சேர்வர்ட கட்டளை விண்டோவில சேவ்-ஆஃப் அடிச்சு, சேவ்-ஆல் அடிச்சு, கொப்பி பண்ணி முடிச்சாப் பிறகு சேவ்-ஆன். கொப்பி வேற டிஸ்க்கில இருக்கோணும். நானும் என்ட தங்கச்சியும் ரெண்டு வருசமா கட்டின ஊர் ஒண்டு டிஸ்க் பழுதாகி ஒரே இரவில போனது, அவ அழுத அழுகை எனக்கு இன்னும் மறக்கேல்ல.

கேள்வி (தம்பலகாமம்): அண்ணா, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் எண்ட, கூட்டா இருந்து கதை சொல்லி விளையாடுற விளையாட்டுக்கு நானே ஒரு உலகம் எழுதியிருக்கிறன், 40 பக்கம் வரலாறு இருக்கு. ஆனா வாசிச்சுக் காட்டினா எல்லாரும் போனை எடுக்கினம். எங்கட ஊர்க் கதைகளையும் சேர்க்க ஆசை.

பதில்: தங்கச்சி, அந்த 40 பக்கத்தை எறியாதேங்கோ, ஆனா வாசிச்சும் காட்டாதேங்கோ, அதை விளையாடுற ஆக்கள் தோண்டி எடுக்கோணும். எங்கட திருகோணமலையையே பாருங்கோ. 1622ல போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடிச்சினம். ஒளிச்சு வச்ச விக்கிரகங்கள் 1950ல கிணறு வெட்டேக்க மண்ணுக்குள்ள இருந்து வந்தது, 1956ல சுவாமி மலைக்குக் கீழ கடலடியில கோயில் தூண்கள் கிடந்தத சுழியோடி ஆக்கள் கண்டினம். கோட்டை வாசல் கல்லில ரெட்டைக் கயலும், குளக்கோட்டன் எண்ட அரசன் கட்டின திருப்பணியைப் பறங்கி பிரிப்பான் எண்டு சொல்லுற எழுத்தும் இருக்கு, அதுவும் முழுசா இல்லை, சிதைஞ்ச எழுத்து. இதைவிட நல்ல லோர், அதாவது ஒரு உலகத்தின்ட பழங்கதை, ஆர் எழுதப் போறாங்கள்? மண்ணுக்குள்ள ஒரு துண்டு, கடலுக்குள்ள ஒரு துண்டு, கல்லில பாதி. உங்கட வரலாறையும் இப்பிடி உடைச்சுப் போட்டு வையுங்கோ, அவை ஒட்டிப் பாக்கட்டும்.

கன்னியாவில ஏழு கிணறும் ஏழு சூடு. ராவணன் தாயின்ட கிரியைக்கு வாளால நிலத்தில குத்தினது எண்டு எங்கட அம்மம்மாமார் சொல்லுவினம். அதை எடுத்தா பேரை மாத்தி, ஒரு விதி மட்டும் வையுங்கோ: ஒவ்வொரு கிணத்திலயும் குளிச்சா ஒரு துக்கம் இறங்கும், ஆனா செத்தவரைப் பற்றின ஒரு நினைவும் அதோட போகும். ஏழாவது கிணத்தில இறங்கிறதா இல்லையா எண்டு உங்கட கூட்டாளிமார் விடிய விடிய சண்டை பிடிப்பினம், ஆரும் போனை எடுக்க மாட்டினம்.

கோணேசரை மட்டும் அடிச்சு வெல்லுற பொஸ் (கடைசிப் பெரிய எதிரி) ஆக்காதேங்கோ, இண்டைக்கும் சனம் கும்பிடுற கோயில் அது. முதல் ஆட்டம் முடிஞ்சதும் என்ன நடந்தது எண்டு எழுதுங்கோ, அடுத்த இதழ்ல போடுறன்.