பெட்டி நிறைய ஈ, ராணியை மட்டும் காணோம்

கேள்வி: அக்கா, ஆவணியில் ஒரு பெட்டி தேனீ வாங்கி ரப்பர் தோட்டத்தில் வைத்தேன். அப்போது நான்கு மரச் சட்டத்தில்தான் தேனடை இருந்தது. இப்போது கார்த்திகை, எல்லாச் சட்டத்திலும் ஈ அப்பிக்கிடக்கிறது. தினமும் திறந்து தேடியும் ராணியை ஒரு தடவைகூடப் பார்க்க முடியவில்லை. செத்துவிட்டதா? சில அறை மூடிகளில் ஊசியால் குத்தியது போல ஓட்டை தெரிகிறது. அது நோயா? இரண்டு அடைகளின் கீழ் விளிம்பில் நிலக்கடலை போல ஒவ்வொன்று மூடியபடி தொங்குகிறது. பிய்த்துவிடலாமா?
- வாசகர், குலசேகரம்

பதில்: தம்பி, உங்கள் பெட்டி நன்றாக இருக்கிறது. வாசிக்கும்போதே சந்தோஷமாக இருந்தது. ஆனால் தினமும் திறப்பதை இன்றோடு நிறுத்துங்கள். நம் நாட்டுத் தேனீ இத்தாலியத் தேனீ அளவுக்குப் பொறுத்துப் போகாது. தொந்தரவு கூடினால் கட்டிய அடையைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடும். பெட்டி வைத்த முதல் வருஷம் நானும் காலையும் மாலையும் திறந்து பார்த்தேன். ஒரு நாள் மத்தியானம் போனால் உள்ளே பத்து ஈகூட இல்லை. வெற்று அடையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன்.

வாரம் ஒரு முறை போதும். மழை இல்லாத நாளில், வெயில் ஏறிய பிறகு திறங்கள்.

ராணியைத் தேட வேண்டாம், முட்டையைத் தேடுங்கள். வெயில் உங்கள் தோளுக்குப் பின்னாலிருந்து அறைக்குள் விழுகிற மாதிரி சட்டத்தைப் பிடியுங்கள். பெட்டிக்கு நேர் மேலேயே பிடிக்க வேண்டும். ராணி தவறி விழுந்தாலும் உள்ளேதான் விழும். அறையின் அடியில் வெள்ளை நூல் துணுக்கு போல ஒன்று நேராக நின்றால் அது புது முட்டை. மூன்றாம் நாளுக்குள் சாய்ந்து படுத்துவிடும். நிற்கிற முட்டையைப் பார்த்தீர்கள் என்றால், ஒன்றிரண்டு நாளைக்குள் ராணி அந்த அறைக்கு வந்து போயிருக்கிறாள்.

புழுவையும் பாருங்கள். முத்து போல வெளுத்து, வளைந்து படுத்திருந்தால் நல்லது. நிமிர்ந்து நீண்டு, நீர் கோத்த பை போலக் கிடந்தால்தான் பயப்பட வேண்டும். 1991-92-ல் தென்னிந்தியாவில் பரவிய தாய்லாந்து சாக்புரூட் என்ற வைரஸ் நோய் அப்படித்தான் இருக்கும். அப்போது என் அப்பாவின் பெட்டிகள் ஒன்றுவிடாமல் காலியானது. அதனால்தான் சட்டம் தூக்கினால் என் கண் முதலில் புழுவுக்குப் போகும்.

ஓட்டை விழுந்த மூடி நோய் இல்லை. அவை ஆண் தேனீ அறைகள். நம் நாட்டுத் தேனீயில் ஆண் அறை மூடியின் நடுவில் அப்படி ஒரு துளை இருக்கும். ஆண் தேனீ பெருகுவதும் ராணி அறை தொங்குவதும் சேர்ந்து வந்தால், கூட்டம் பிரியத் தயாராகிவிட்டது. ஆமாம், அந்த நிலக்கடலைதான் ராணி அறை. மூடிவிட்டது என்கிறீர்கள்; அப்படியென்றால் பழைய ராணி பாதிக் கூட்டத்தோடு எந்த நாளும் வெளியேறலாம். முட்டையிட்டு எட்டாம் நாள் வாக்கில் ராணி அறை மூடிவிடும். வாரம் ஒரு முறை பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

பிய்க்காதீர்கள். ஒரே பெட்டி வைத்திருப்பவருக்கு இது இரண்டாவது பெட்டி கிடைக்கிற நேரம். தேன் குறையுமே என்று சிலர் தடுப்பார்கள். நான் பிரிக்கவே சொல்வேன். இரண்டு பெட்டி இருந்தால் ஒன்று நொடித்தாலும் மற்றதிலிருந்து அடை கொடுத்துத் தேற்றலாம்.

சாயங்காலம் புதுப் பெட்டிக்குப் பாதிச் சட்டங்களை ஈயோடு மாற்றுங்கள். பெட்டிக்கு ஒரு ராணி அறை இருக்கட்டும். அந்தச் சட்டங்களை உதறவோ தலைகீழாகத் திருப்பவோ கூடாது. பழைய பெட்டியை ஓர் அடி இடப்பக்கம் நகர்த்தி, புதியதை ஓர் அடி வலப்பக்கம் வையுங்கள். வெளியே போய் வருகிற ஈ இரண்டுக்கும் பிரிந்து போகும். நான்கு நாள் கழித்துத் திறங்கள். முட்டை பொரிய மூன்று நாள்தான். எனவே எந்தப் பெட்டியில் இன்னும் முட்டை இருக்கிறதோ, அங்கேதான் பழைய ராணி. அந்தப் பெட்டியின் ராணி அறையை மட்டும் கிள்ளிவிடுங்கள். மற்றதில் புது ராணி வெளிவந்து, இணை சேர்ந்து, முட்டையிட இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை அதைத் திறக்கவே வேண்டாம். பெட்டிக் கால்களின் கிண்ணத்தில் தண்ணீர் வற்றாமல் பாருங்கள், எறும்புக்கு.

அப்புறம் ரப்பர். இலை உதிர்ந்து புதுத் தளிர் வந்ததும், மூன்று இலை சேரும் காம்பு முனையில் தேன் சுரக்கும். நம் பக்கத்துத் தேனில் பெரும்பங்கு பூவிலிருந்து வருவதில்லை, இந்தத் தளிரிலிருந்துதான். அதற்கு முன்னால் பழைய ராணி இருக்கும் பெட்டிக்கு மேலே தேன் அறை, அதாவது தேன் சேர்க்கும் மேல்தட்டு, வைத்துவிடுங்கள். புதுப் பெட்டியிடம் இந்த வருஷம் தேன் கேட்காதீர்கள்.

எந்தப் பெட்டியில் முட்டை நின்றது என்று எனக்கு எழுதுங்கள், தம்பி.